பயன்பாடு: இல்லை

"மழைக்க வாங்கோ சேர்."

மழைக்குள்ளே வந்து பாருங்கள் என்கிற இந்த மூன்று சொற்களை அந்த மனுசியின் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல ஏலாது. மனுக் கொடுக்கும்போது சொல்வார். சாப்பாட்டுப் பார்சலை மேசையில் வைக்கும்போது சொல்வார். என் தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தவர், என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, போகிறபோது படலையடியில் நின்று ஒழுங்கையின் சரிவை மேலும் கீழும் பார்த்தார். "இதாலயும் தண்ணி இறங்கும்போல கிடக்கு. மழைக்க ஒருக்கா நிண்டு பாருங்கோ சேர்" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதவேண்டாம் என்று ஒருகாலம் அவரே சொன்னவர். அதற்குக் காரணம் இருந்தது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். நான் திருகோணமலையில் ஒரு அலுவலகத்தின் வேலைப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். வடிகான், மதகு, உள்வீதி, இவைதான் என் சீவியம். அவர் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறவர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். புருசன் இல்லை, செத்தாரா, விட்டுப் போனாரா என்று அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பார்சல் நின்றுவிடுமோ என்ற பயம்தான். பன்னிரண்டேகாலுக்குச் சைக்கிளின் முன்னும் பின்னும் கூடை கட்டி வந்து வாசலில் நிற்பார். எங்களுக்கென்று ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தார். மீனா, முட்டையா, சைவமா, கறி கூடவா குறையவா என்று அவரவர் அடுத்த நாளுக்கு வேண்டியதைத் தங்கள் கையாலேயே அதில் எழுதிவைக்க வேண்டும். வாய்ச்சொல்லை அவர் எடுக்கமாட்டார். "சொன்னதை மறுக்கலாம் சேர், எழுதினதை மறுக்க ஏலாது" என்பார்.

வீடு லிங்கநகரைத் தாண்டி, உள்துறைமுகப் பக்கம் இறங்கும் சரிவின் அடியில் இருந்தது. அந்த மூலையில் எங்கே கிணறு வெட்டினாலும் உவர்தான். அவருடைய வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிட்ட சோறும் சொதியும் அந்தத் தண்ணீரில் ஆனவை. அவருக்கு அந்தக் கிணறுதான் கடை, அதுதான் சீதனம், அதுதான் ஓய்வூதியம். அதை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் வாளி கிணற்றுக்கட்டில் அடிபட்டால் பிள்ளை விழுந்ததைப்போல எட்டிப் பார்ப்பார்.

கிணற்றுக்குப் பின்னால் ஒரு பள்ளம். எங்கள் வரைபடத்தில் அதற்குப் பெயர் 'பள்ளக்காணி'. அவர் 'குளம்' என்பார். கோடையில் நடுவில் கொஞ்சம் சேறும் சுற்றிவரப் புல்லும்தான். மாரியில் மேல் ஒழுங்கைகளின் தண்ணீர் முழுவதும் இறங்கிவந்து அதற்குள் நிற்கும். நாலைந்து நாள் நின்று, ஒரு சின்ன ஓடையால் வழிந்து, கரையிலிருந்த கண்டல் பற்றைக்குள் புகுந்து, துறைமுகத்துக் கடலில் சேரும். யாரும் வெட்டாத ஓடை, யாரும் நடாத கண்டல்.

அவரிடம் வழி கேட்டால் பைத்தியம் பிடிக்கும். ஊருக்கெல்லாம் ஒரு வீதிப் பெயர் இருந்தால் அவருக்கு வேறு பெயர். "கணுக்கால் ஒழுங்கையால போய் முழங்கால் சந்தியில திரும்புங்கோ. அங்கால தண்ணி கடைசியா வத்துற வீடு" என்பார். புதிதாக வந்த எழுதுவினைஞர் ஒருவர் இதை உண்மைப் பெயர்கள் என்று நம்பி, முழங்கால் சந்தி எங்கே என்று கடைகடையாகக் கேட்டுத் திரிந்தார். நாங்கள் ஒரு கிழமை சிரித்தோம். அந்த மனுசியின் கணக்கை நான் பிறகு ஒரு மாரியில் விளையாட்டாக நடந்து பார்த்தேன். கணுக்கால் ஒழுங்கையில் கணுக்கால்வரைதான் தண்ணீர். முழங்கால் சந்தியில் சரியாக முழங்கால். எங்கள் மட்டக்கருவி அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இனி எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இப்படித்தான் நடக்கிறது. வருடத்துக்கென்று ஒதுக்கியது மார்கழிக்குள் முடியவேண்டும். ஆகவே ஆவணியில் இடம் பார்ப்போம், புரட்டாதியில் கடதாசி ஓடும், ஐப்பசியில் வேலை தொடங்கும். மழை தொடங்குவதும் ஐப்பசியில்தான். அப்படியென்றால் வெள்ளம் நிற்கிற நேரத்தில் போய் வெள்ளத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்க ஏலாது. மாரியில் அலுவலக வாகனம் நிவாரணத்துக்குப் போய்விடும். வெள்ளம் நிற்பதால் வாகனம் இல்லை; வாகனம் இல்லாததால் வெள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை. இத்தனை வருடச் சேவையில் நான் ஆய்வு செய்த வெள்ளமெல்லாம் காய்ந்த வெள்ளம்.

அந்த ஆவணியில் பொறியியலாளரும் நானும் போனோம். அவர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், கெட்டவர் அல்ல, நேரமில்லாதவர். திட்டம் தயாராகவே இருந்தது. பள்ளத்தைக் கிரவல் போட்டு நிரப்பி வாகனத் தரிப்பிடம் கட்டுவது. ஓடையைக் கொங்கிறீற் வடிகானாக்கி, கண்டலை வெட்டி, தண்ணீரை நேரே கடலுக்கு விடுவது. கச்சான் காற்று நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த மனுசி குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார்.

"இந்தக் காணியால என்ன பிரயோசனம் அம்மா?" என்று பொறியியலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்டுமில்லை சேர். சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறதுதான் அதின்ர வேலை."

"அப்ப பிரயோசனமில்லை எண்டுறீங்கள்."

"மேல இருக்கிற ஆறு ஒழுங்கைத் தண்ணியும் இதுக்க வந்து சும்மா கிடக்கும். இது சும்மா கிடக்காட்டில் அந்தத் தண்ணி என்ர குசினிக்க வந்து கிடக்கும். நீங்கள் மழைக்க வாங்கோவன் சேர், நான் ஏன் வாயால சொல்லவேணும்?"

பிறகும் வாயால்தான் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். இந்தத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதால்தான் தன் கிணறு உவராகாமல் இருக்கிறது என்றார். இந்தக் கச்சான் காற்று ஈரத்தைத் தாண்டி வருவதால்தான் பின்னேரத்தில் இங்கே பிள்ளைத்தாச்சியும் நித்திரை கொள்கிறாள், மேலே போய் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும் என்றார். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் என்று கீரையெல்லாம் கரையில் முளைக்கிறது என்றார். சேறு காய்ந்தால் பெடியள் கிரிக்கெட் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் அவர்கள் பிரதான வீதியில் பஸ்களுக்கு நடுவில் ஓடுவார்கள் என்றார். கண்டலடியில் வீச்சுவலையோடு நின்ற, காக்கா என்று நாங்கள் கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவர், கேட்காமலே தன் பங்குக்குச் சொன்னார்: "இந்த வேரையெல்லாம் புடுங்கினா இறால் எங்க போய் குஞ்சு வைக்கும் சேர்? உங்கட கானுக்குள்ளயா?"

பொறியியலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, கிணறு வேற பகுதி. மீன் வேற பகுதி. விளையாட்டு வேற பகுதி. நாங்கள் வெள்ளத்துக்கு வந்தனாங்கள். அதை மட்டும் கதையுங்கோ."

"குளத்துக்கு உங்கட பகுதியள் தெரியாது சேர்," என்றார் அவர். "அது எல்லாத்தையும் சேத்துத்தான் செய்யுது."

இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். ஜீப்பில் ஏறும்போது அந்த மூன்று சொற்களும் பின்னால் வந்தன. பொறியியலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படிவம் என் மேசையில் இருந்தது. 'காணியின் தற்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம். இரண்டு விரல் அகலம். அந்தக் கட்டத்துக்குள் அந்த மனுசி சொன்னதில் எதை எழுதுவது? எழுதினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கடிதம், கடிதம் போனால் புரட்டாதி போய்விடும். எழுதுகோலை எடுத்தேன், 'இல்லை' என்று எழுதினேன், கையொப்பம் வைத்தேன். படிவத்தை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பார்சலை விரித்தேன். அவிழ்த்தால் வல்லாரைச் சம்பல். எங்கே முளைத்த வல்லாரை என்று ஒரு கணமாவது யோசித்தேனா? பசி. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அந்தச் சம்பல் பைத்தியம். கொப்பியில் என் பெயருக்கு நேரே 'வல்லாரை கூட' என்று எழுதாத நாள் குறைவு.

திட்டம் வருகிறதென்று தெரிந்ததும் அவர் மனு எழுதினார். ஒரு கொப்பித்தாளின் இரண்டு பக்கமும், பெயர், முகவரி, கையொப்பத்தோடு. எங்கள் அலுவலகம் முறைப்படி பதில் அனுப்பியது: ஆய்வு செய்யப்பட்டது, ஆட்சேபனையை ஏற்பதற்கு இல்லை, இத்துடன் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. பதில் போன கிழமை அவர் வாசலில் சத்தம் போடுவார் என்று நான் பின்கதவால் போகத் தயாராக இருந்தேன். அவர் வழக்கம்போலப் பார்சலை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் பார்சலில் வல்லாரைச் சம்பல் இரட்டிப்பாக இருந்தது. கோபம் ஆறிவிட்டது, மனுசி நிலைமையை விளங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கோபம் வேறு இடத்தில் ஆறாமல் இருந்தது. அடுத்த மாதம் அவருக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, தேத்தண்ணி குடித்து, "அக்கா, நல்லா உழைக்கிறீங்கள், ஏன் வீண் கதை?" என்று சிரித்துக் கதைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து குசினியை அளந்தார். அதுவரை வராதவர். புகைக்கூடு உயரம் போதாது என்று எழுதினார். ஒரு கிழமை சமையல் நின்றது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை. மனுவில் இருந்த பெயரும் முகவரியும் எங்கள் அலுவலகத்தைவிட்டு எப்படி வெளியே போயின என்று மட்டும் அவர் ஒருதடவை என்னைக் கேட்டார். நான் கதிரையைச் சரிசெய்தேன்.

"இனி என்ர பேரை உங்கட கடதாசி ஒண்டிலயும் எழுதாதேங்கோ சேர்."

இரண்டாவது மனு பெயரில்லாமல் வந்தது. 'குளத்தடியில் இருக்கிறவள்' என்று கையொப்பம். மொட்டைக் கடிதத்துக்கு நடவடிக்கை எடுக்கக்கூடாதென்பது விதி. பெயர் போட்டால் பரிசோதகர் வருவார், பெயர் போடாவிட்டால் மொட்டைக் கடிதம். அந்த மனுசி என்னதான் செய்வது? கோவையில் போட்டு நூல் கட்டினேன். இதை எழுதும்போதும் அந்த நூலின் முடிச்சு என் விரலுக்குத் தெரிகிறது, அவ்வளவு எரிச்சல் எனக்கு என்மேல்.

ஐப்பசியில் டிப்பர்கள் வந்தன. முதல் டிப்பர் கிரவல் கொட்டிய அன்று பார்சல் பன்னிரண்டேகாலுக்கே வந்தது. கறியில் உப்பு சரியாக இருந்தது. அவர் தன் ஆத்திரத்தைச் சமையலில் காட்டுகிற ஆள் அல்ல. மதிலேறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம், டிப்பர் ஓட்டுநருக்குத் தண்ணீரும் கொடுத்தாராம். "அவனில என்ன பிழை? அவனுக்குச் சொன்ன இடத்தில கொட்டுறான்" என்றாராம். கிரவலுக்கு அடியில் போன கங்குன் கொடியில் ஒரு கட்டு மட்டும் இழுத்து எடுத்து அன்றைய பார்சல்களுக்கு வறுத்திருந்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

கார்த்திகை கடைசியில் நாள்கணக்காக மழை. வாகனம் வழக்கம்போல நிவாரணத்துக்குப் போயிருந்தது. நான் குடையோடு நடந்தே போனேன். மக்கள் சேவை என்று நினைக்கவேண்டாம். இரண்டு நாளாகப் பார்சல் வரவில்லை, அதனால்தான் போனேன்.

முழங்கால் சந்தியில் தண்ணீர் இடுப்புக்கு நின்றது. அவருடைய கணக்கு முதல் தடவையாகப் பிழைத்திருந்தது. பிழைக்க வைத்தவர்கள் நாங்கள். புதிய வடிகானைப் பார்த்தேன். வடிவான கான், நேரான கான், வரைபடத்தில் என் கையால் கீறிய கான். அதற்குள் பிளாஸ்ரிக் போத்தல்கள் மிதந்துகொண்டிருந்தன, கடலை நோக்கியல்ல, ஊரை நோக்கி. மாரியில் கடல் ஏறி நிற்கும். ஆவணியில் நாங்கள் மட்டம் எடுத்தபோது கடல் இறங்கி இருந்தது. கண்டல் நின்ற காலத்தில் அது வேரால் தடுத்து, கடலை மெல்லமெல்லத்தான் உள்ளே விட்டது. நாங்கள் கண்டலை வெட்டிக் கடலுக்கு ஒரு கொங்கிறீற் வாசல் கட்டிக் கொடுத்திருந்தோம். மேலிருந்து வந்த ஊர்த் தண்ணீருக்கு நிற்க இடமில்லை, போக வழியுமில்லை. இரண்டு தண்ணீரும் அவருடைய வளவில் சந்தித்தன.

அவர் குசினியில் ஒரு வாங்கின் மேல் ஏறி நின்று அரிசிமூட்டையைக் கூரை வளையில் கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு தண்ணீருக்குள். கிணற்றுக்கட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. என்னைக் கண்டதும் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"வந்திட்டீங்கள்," என்றார்.

அவ்வளவுதான். பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் போய், ஒரு மூக்குப்பேணியைக் கிணற்றுக்குள் விட்டு மொண்டு என் கையில் தந்தார். "குடியுங்கோ சேர், நடந்து வந்தனீங்கள்."

குடித்தேன். குடிக்காமல் விட ஏலாத ஒரு முகத்தோடு அவர் நின்றார். கடலும் மண்ணெண்ணெயும் மலகூடமும் சேர்ந்த ஒரு ருசி.

"எப்பிடி?"

"கொஞ்சம் உவர்."

"கொஞ்சமோ?" என்று கேட்டுவிட்டு அரிசிமூட்டைக்குத் திரும்பிவிட்டார்.

வெள்ளம் வற்றியபின் மூன்று தடவை கிணறு இறைத்தார். அழுக்கு போனது, உவர் போகவில்லை. பவுசர் வண்டியில் வரும் தண்ணீரை எடுத்துக் கொஞ்சக் காலம் சமைத்துப் பார்த்தார். "சோறு வேகுது சேர், வாய்தான் ஏற்குதில்லை" என்று அவரே சொன்னார். உண்மைதான். பவுசர் வராத நாளில் பார்சலும் வராது. அலுவலகத்தில் ஒருவர் விட்டார், பிறகு இரண்டு பேர் விட்டார்கள். தை மாதத்தில் நானும் சந்திக் கடைக்கு மாறினேன். அவர் அந்தக் கொப்பியில் என் பெயருக்கு நேரே வெறுமையாகக் கிடந்த கோட்டைப் பார்த்தார், கொப்பியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த வருடச் சித்திரைக்கு முன்பே வீட்டைப் பூட்டிவிட்டு நிலாவெளியில் தமக்கையிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வாகனத் தரிப்பிடத்தில் இன்றுவரை வாகனங்கள் தரித்ததில்லை. மாரியில் தண்ணீர், கோடையில் கொதிக்கிற கொங்கிறீற். பெடியள் பிரதான வீதியில்தான் கிரிக்கெட் அடிக்கிறார்கள். கிண்ணியாக் காக்காவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. இந்த ஒவ்வொன்றும் வேறு வேறு பகுதி என்பதால் எங்கள் கோவையில் ஒன்றும் ஏறவில்லை. எங்கள் கோவையின்படி வேலை வெற்றிகரமாக நிறைவுற்றது.

இப்போது பாருங்கள் கூத்தை. சில மாதங்களுக்கு முன் ஒரு புதுத் திட்டம் வந்திருக்கிறது. இயற்கையோடு இணைந்த வெள்ளத் தடுப்பு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் குளிரூட்டிய மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். நகரத்துக்குள் தண்ணீர் தங்குவதற்குக் குளம் வேண்டுமாம். கரையில் கண்டல் நடவேண்டுமாம். குளம் வெள்ளத்தை மட்டும் தடுப்பதில்லையாம். நிலத்தடி நீரைக் காக்குமாம், வெக்கையைத் தணிக்குமாம், மீன் பெருகுமாம், கீரை வருமாம், பிள்ளைகளுக்கு விளையாட இடமாகுமாம். எங்கள் பழைய பொறியியலாளர் இப்போது பெரிய பதவியில் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். எழுந்து, "எல்லாப் பகுதியினரும் இணைந்து பார்க்கவேண்டிய விடயம் இது" என்றும் பேசினார். நான் பின்வரிசையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். எதைத் தோண்டப்போகிறார்கள் தெரியுமா? வாகனத் தரிப்பிடத்தை.

படிவம் திரும்பவும் என் மேசைக்குத்தான் வந்தது. இந்தத் தடவை கட்டம் இரண்டு விரல் அகலமல்ல. 'இணைப் பயன்கள்' என்று நாலு பக்கம். ஒரே இருப்பில் நிரப்பினேன். யோசிக்கவே தேவைப்படவில்லை, அந்த மனுசியின் குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே போனது. கிணறு, காற்று, வல்லாரை, இறால், கிரிக்கெட். அனுப்பினேன். மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்: 'இவற்றுக்கு ஆதாரம் என்ன? பிரதேசவாசி ஒருவரின் பெயர், கையொப்பம் தேவை. அவர் கள ஆய்வுக் கூட்டத்துக்கும் சமுகமளிக்க வேண்டும்.' கூட்டம் ஆவணியில்.

சனிக்கிழமை நிலாவெளி பஸ் ஏறினேன். ஒரு ஹோட்டலின் ஊழியர் குசினியில் அவர் சமைக்கிறார் என்று தமக்கை வீட்டில் சொன்னார்கள். பின்கேற்றடியில் நின்றேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதில் ஆச்சரியம் காட்டவில்லை. என் தாயைச் சுகம் விசாரித்தார். பிறகு என் வீட்டு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். "சொன்னனான்" என்றார்.

விடயத்தைச் சொன்னேன். குளம் திரும்பி வரப்போகிறது என்று சொன்னபோது அவர் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன். அவர் அடுப்புப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டம் எப்ப?"

"வாற புதன்."

"இந்த வெயிலுக்கையோ?"

"ஓம் அக்கா. படிவம் மாத முடிவுக்குள்ள போகவேணுமாம்."

"பேரைப் போடுங்கோ. இனி எனக்கு என்ன பயம், பறிக்க ஒண்டுமில்லை. ஆனா நான் வெயிலுக்க வந்து கதிரையில இருக்கமாட்டன். மழைக்க வரச்சொல்லுங்கோ. இந்த முறை அளவு எவ்வளவு எண்டு நிண்டு காட்டுறன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில், பஸ், வருடக்கணக்கான எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தது. "அக்கா, ஒருக்காவாவது விட்டுக்குடுங்கோ! உங்கட பிடிவாதத்தால திரும்ப எல்லாம் குழம்பப் போகுது. இந்த முறை நல்லதுக்குத்தான் கேக்கிறம். பாருங்கோ, நாலு பக்கம் எழுதியிருக்கிறன். எல்லாம் நீங்கள் சொன்னதுதான்."

பக்கங்களை வாங்கினார். கேற்றின் தூணில் சாய்ந்து, ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தார். உள்ளே யாரோ கூப்பிட்டதற்கு "பொறுங்கோ" என்றார். நாலாம் பக்கம் முடிந்ததும் ஓரங்களைச் சரியாக அடுக்கி என்னிடம் தந்தார்.

"வடிவா எழுதியிருக்கிறீங்கள் சேர். முந்தி ஒரே சொல்லில எழுதினனீங்கள்."

"என்ன சொல்?"

"'இல்லை' எண்டு. மனுவுக்குப் பதிலோட அந்தப் படிவத்தின்ர பிரதியும் வந்ததெல்லோ. கீழ கையொப்பம் விளங்கயில்லை. ஆனா எழுத்து எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக் கொப்பியில பாக்கிற எழுத்து."

அத்தனை மாதங்கள். டிப்பர் வந்த நாள். வெள்ளத்துக்குள் அவர் தந்த தண்ணீர். தை மாதத்தில் வெறுமையாகக் கிடந்த கோடு. எல்லா நாளும் இந்த மனுசிக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்டைக்கு உங்களுக்கு வல்லாரை கூடப் போட்டனான்," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. "வல்லாரை ஞாபகத்துக்கு நல்லதெண்டு சொல்லுவினம். சாப்பிட்டால் எங்க முளைச்சதெண்டு ஞாபகம் வரும், திருத்துவீங்கள் எண்டு நினைச்சன்."

உள்ளே திரும்பவும் கூப்பிட்டார்கள். அவர் போனார்.

வல்லாரை இரட்டிப்பாக வந்த அன்றைக்கு, கிரவல் வருவதற்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருந்தது. படிவமும் இன்னும் மேலே போகாமல் என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. நான் விரலைச் சூப்பிச் சாப்பிட்டேன். பிறகு கொப்பியை எடுத்து, அடுத்த நாளுக்கும் வல்லாரை கூட என்று என் கையாலேயே எழுதிவைத்தேன்.